வெங்காயம் போடட்டுமா

காலையில கதவு திறந்தப்ப இங்க இருந்தது யாரு யாருன்னா, அடுப்புல கறி சாசேஜ் சுட டெஸ்மண்ட், ரொட்டிக்கு வெண்ணெய் தடவ நோரீன், ஓட்டுப் போட உள்ள வர்றவங்க பேரப் பட்டியல்ல அடிக்க மெர்ல், வெங்காயம் வதக்க நான். விக்கிற காசு இந்தப் பள்ளிக்கூடக் கூரைக்கு. இங்கிலாந்துலருந்து புதுசா வந்த வாத்தியார் நீங்கதானே தம்பி? ஒன்னு சாப்பிடுங்க. வெங்காயம் போடட்டுமா?

ஓட்டுப் போடலன்னா அபராதம்னு கட்டாயப்படுத்தறது என்ன சுதந்திரம்னா கேக்கறீங்க? சரி, உங்க ஊர்ல இஷ்டப்பட்டவங்க மட்டும் போடறாங்க. கட்சிக்காரன் யார் வீட்டுக் கதவத் தட்டுவான்? போடறவங்க வீட்டத்தான். மத்தவங்க குழாய்ல தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன. ஆஸ்திரேலியாவுல யாரையும் அப்படி ஒதுக்கிட முடியாது.

டெஸ்மண்டையே பாருங்க. எல்லாரும் திருடனுங்கன்னு வருஷக்கணக்கா வெத்துச் சீட்ட மடிச்சுப் போட்டாரு. நம்ம வாய்க்கால மூடப்போறாங்கன்னதும், எப்படியும் வந்துதானே ஆகணும்னு, யாரு என்ன சொல்றாங்கன்னு படிச்சுட்டு வந்தாரு. இப்ப ஊர்க் கூட்டத்துல அவர் வாய மூடத்தான் ஆள் வேணும். இளிச்சது போதும் டெஸ்மண்ட், அடியில கருகுது.

ரோட்டையே பாக்கறேனா? ஆமா, ஒரு ஆளு இன்னும் வரல. இப்பல்லாம் தேர்தல் நாளுக்கு முன்னாடியே டவுன்ல போய்ப் போட்டுடறாங்க. எனக்கு அது பிடிக்கல. ஒரே நாள், ஒரே வரிசை. மூஞ்சிய மூஞ்சி பாக்காதவங்களும் வந்து நிக்கணும். அவனும் டவுன்ல போட்டுட்டான்னா, அப்புறம் அடுத்த தேர்தலுக்கு மூணு வருஷம்.

கொஞ்சம் இருங்க. வந்துட்டான்.

வெங்காயம் போடட்டுமா?

சரி, வேண்டாம்.

அவனுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் தம்பி. ராய்டன்னு பேரு. என் பையன். நானும் அவங்கப்பாவும் நிலத்த வித்ததோட பேச்ச விட்டான். கிறிஸ்துமஸுக்கு வர்றதில்ல. அப்பா அடக்கத்துக்கும் வரல. இதுக்கு மட்டும் வருவான். சட்டம்.

ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க.

வெளிய வர்றான் பாருங்க. இளைச்சிருக்கான். காதோரம் நரைச்சிருச்சு. சட்டையில ஒரு பொத்தான் இல்ல.

இல்ல, கூப்பிட வேண்டாம். போகட்டும்.

போயிட்டான்.