பக்கத்து சீட் பிரேக்

அண்ணன்: மிதி... மிதி... மிதி!

தங்கை: எதை மிதிக்கணும்னு சொல்லுண்ணா!

அண்ணன்: கிளட்சை! ...போச்சு. ஆஃப் ஆயிடுச்சு.

தங்கை: நீ கத்துன கத்துல வண்டியே மூச்சை நிறுத்திடுச்சு.

அண்ணன்: நான் எங்க கத்தினேன்? சாதாரணமாத்தான் சொன்னேன்.

தங்கை: இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவங்களுக்கு அது சாதாரணம். இன்ஜின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி...

அண்ணன்: ஞாயித்துக்கிழமை சாயங்காலம், தூங்கிட்டு இருந்தவனை எழுப்பி இந்தப் பூட்டின குடோன் மைதானத்துக்கு இழுத்துட்டு வந்தது யாரு? பேச்சைக் குறை. சாவியைத் திருப்பு.

தங்கை: முதல்ல நீ உன் காலை எடு.

அண்ணன்: எந்தக் காலை?

தங்கை: உன் பக்கம் ஒரு பிரேக் இருக்கே, அது மேல வச்சிருக்கியே, அந்தக் காலை.

அண்ணன்: ஏய், டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா அப்படித்தான். சொல்லித் தர்றவனுக்குத் தனி பிரேக். எதுக்கு வச்சிருக்கான்? மிதிக்கத்தானே?

தங்கை: அவசரத்துக்கு மிதிக்க. நீ, நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதுல இருந்து மிதிச்சுக்கிட்டே இருக்கே. என் கிளாஸ்ல ஒரு குழந்தை தப்பா எழுத ஆரம்பிச்ச உடனே நான் பென்சிலைப் பிடுங்கினா என்ன ஆகும்?

அண்ணன்: கணக்கு சரியா வரும்.

தங்கை: எனக்கு வரும். அது கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடும்.

அண்ணன்: ஆரம்பிச்சுட்டாங்க டீச்சரம்மா. அங்க தப்பு பண்ணா ரப்பர் வச்சு அழிச்சுக்கலாம். இங்க தப்பு பண்ணா செவுரு.

தங்கை: செவுரு அதோ அங்க இருக்கு. நாம போற வேகத்துக்கு அங்க போய்ச் சேரவே பொழுது சாஞ்சுடும்.

அண்ணன்: ...சரி. எடுத்துட்டேன். போதுமா?

தங்கை: கட்டைவிரல் இன்னும் மேலதான் இருக்கு.

அண்ணன்: எடுத்துட்டேன் தாயே! ஃபர்ஸ்ட் கியர் போடு. கிளட்சை மெதுவா விடு. மெதுவா... மெது... அட, என்ன இது, படக்குனு விட்டுட்டியே!

தங்கை: மறுபடி ஆஃப்.

அண்ணன்: மெதுவான்னு எத்தனை தடவை சொல்றது? காது கேக்குதா இல்லையா?

தங்கை: நல்லாவே கேக்குது. சொன்னதையேதான் இன்னும் சத்தமாச் சொல்றே. புரியாத ஒண்ணைச் சத்தமாச் சொன்னா புரிஞ்சுடுமா?

அண்ணன்: அப்ப நீ எப்படிச் சொல்லித் தருவே? சொல்லேன், பாப்போம்.

தங்கை: போன மாசம் ஒரு பொண்ணு... கழித்தல் கணக்கு. ஐம்பத்திரண்டுல முப்பத்தெட்டு போனா இருபத்தாறுன்னு எழுதியிருந்தா.

அண்ணன்: இருபத்தாறா? பதினாலு இல்ல?

தங்கை: பதினாலுதான். தப்புன்னு ஒரு கோட்டைப் போட்டுட்டு, சரியானதை எழுதிக் குடுத்திருக்கலாம். எனக்கு மனசு கேக்கல. பக்கத்துல உக்காந்து, "எப்படிப் போட்டே, எனக்கும் சொல்லிக் குடேன்"னு கேட்டேன். "ரெண்டுல எட்டு போகாது மிஸ், அதனால எட்டுல இருந்து ரெண்டை எடுத்தேன்"னா.

அண்ணன்: ஹா! கெட்டிக்காரி.

தங்கை: கெட்டிக்காரிதான். அவ யோசிச்சுத்தான் தப்பாப் போட்டிருக்கா. எந்தத் தப்புக்கும் உள்ள ஒரு காரணம் இருக்கும்ணா. அது என்னன்னு தெரிஞ்சுக்காம நாம என்ன சொன்னாலும் தலைக்கு மேல போயிடும். நான் நம்புறது அவ்ளோதான்.

அண்ணன்: டீச்சர் டிரெய்னிங்னு ஊரைக் கூட்டிப் படிச்சியே, மொத்தமும் அவ்ளோதானா?

தங்கை: அங்க சொன்னதுல பாதி மறந்து போச்சு. இது பிள்ளைங்க சொல்லிக் குடுத்தது. இன்னொண்ணு... கேள்வி கேட்டா, பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும். அந்த நேரத்துலதான் உள்ள வேலை நடக்கும்.

அண்ணன்: சும்மா இருக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?

தங்கை: இருக்கிறதுலயே அதுதான் கஷ்டமான வேலை. நீ இருந்து பாரேன்.

அண்ணன்: ம்...

தங்கை: என்ன ம்?

அண்ணன்: ஒண்ணுமில்ல... சரி, நீ சொல்லு. கிளட்சை விடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு நெனைக்கிறே?

தங்கை: என்ன நடக்கும்...

அண்ணன்: ...

தங்கை: லைட்டு சுவிட்ச் மாதிரிதானே? மிதிச்சா ஆஃப். விட்டா ஆன்.

அண்ணன்: சுவிட்சா!

தங்கை: சிரிக்காதே.

அண்ணன்: சிரிக்கல... இல்ல, சிரிச்சேன். ஆனா... அட, அதான் படக்குனு விடுறியா! சுவிட்சை எவன் மெதுவாப் போடுவான்? இங்க பாரு, என் ரெண்டு கையையும் பாரு. இது இன்ஜின் பக்கம், சுத்திக்கிட்டே இருக்கு. இது சக்கரத்து பக்கம், சும்மா நிக்குது. ரெண்டும் தட்டு மாதிரின்னு வச்சுக்க. நீ காலை விட விட, இது அதுகிட்ட வருது... லேசா உரசுது... பாத்தியா, நின்ன கையும் மெல்லச் சுத்த ஆரம்பிக்குது. அப்புறம்தான் ரெண்டும் ஒட்டணும். மொத்தமாப் போய் மோதினா இன்ஜின் நின்னுடும்.

தங்கை: அப்ப அந்த உரசுற இடத்துல...

அண்ணன்: அங்கதான் காலை நிறுத்தணும்! வண்டி லேசா நடுங்கும். அதுவே உனக்குச் சொல்லும். நான் சொல்லவே வேணாம். சாவியைத் திருப்பு, நீயே பாரு.

தங்கை: இப்படியா... ஆமா, நடுங்குது...

அண்ணன்: ...

தங்கை: என்னண்ணா, பேச்சையே காணோம்?

அண்ணன்: வாயை மூடிக்கிட்டு இருக்கேன். எவ்ளோ கஷ்டம்னு இப்பத்தான் தெரியுது.

தங்கை: போகுது, போகுது!

அண்ணன்: போகட்டும். ரெண்டாவது கியர் எப்போ போடணும்னு நீயே சொல்லு.

தங்கை: இன்ஜின் கதறுதே... இப்போ?

அண்ணன்: இப்போதான்! அடேயப்பா... பஸ் நிறைய ஜனத்தை ஏத்திக்கிட்டு ஓட்டினப்போ கூட இப்படி ஒரு குஷி வந்ததில்ல எனக்கு.

தங்கை: ஒரு சுத்து வந்துட்டோம். எங்க நிறுத்தட்டும்?

அண்ணன்: அந்த ரெண்டு லாரிக்கு நடுவுல நிழல் இருக்கு... ஐயோ, வேணாம், அது பின்பக்கமாப் போகணும், அதை அப்புறம் நான்... ஏய்... ஏய்!

தங்கை: நிறுத்திட்டேன். ஹேண்ட் பிரேக்கும் போட்டுட்டேன்.

அண்ணன்: நான் உனக்கு ரிவர்ஸ் சொல்லியே குடுக்கலையே.

தங்கை: இல்ல.

அண்ணன்: கண்ணாடியைப் பாத்து, ஒரே திருப்புல... உனக்கு வண்டி ஓட்டத் தெரியும்!

தங்கை: போன வருஷமே லைசென்ஸ் வாங்கிட்டேன். நீ சொல்லித் தர்றேன், சொல்லித் தர்றேன்னே... பஸ் டியூட்டிதான் ஒழியல. வேற ஒருத்தர்கிட்ட போய்க் கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பியேன்னுதான் சொல்லல.

அண்ணன்: அடிப்பாவி! அப்ப அந்த சுவிட்ச் கதை?

தங்கை: வண்டியை ஆஃப் பண்ணதுதான் நடிப்பு. அது கதை இல்லண்ணா. கத்துக்கிட்டப்போ நிஜமாவே அப்படித்தான் நெனச்சேன். சொல்லித் தந்தவர் ஒரு நாளும் கேக்கல. எப்படியோ ஓட்ட வந்துடுச்சு. உள்ள என்ன நடக்குதுன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அண்ணன்: ...நிஜமாவா?

தங்கை: உன் மேல சத்தியமா.

அண்ணன்: சரி, ஓட்டத் தெரிஞ்சவ என்னை எதுக்கு எழுப்பி இழுத்துட்டு வந்தே?

தங்கை: நாளைக்குக் காலைல உங்க ஓனர்கிட்ட நீ என்ன சொல்லப் போறேன்னு அண்ணி சொன்னாங்க.

அண்ணன்: அவ வாயில எதுவும் நிக்காது.

தங்கை: நீ சொல்லு. என்ன சொல்றதா இருந்தே?

அண்ணன்: ...இந்த வேலை எனக்கு வராதுன்னு. முதுகு வலின்னு பஸ்ஸை விட்டுட்டு இந்த டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தேன். போன வாரம் கத்துக்க வந்த ஒரு மேடம், நான் கத்தினதுல வண்டியை ஓரமா நிறுத்திட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க. கதவைக் கூட மெதுவாத்தான் சாத்தினாங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

தங்கை: இப்பவும் ஓனர்கிட்ட அதையேதான் சொல்லப் போறியா?

அண்ணன்: தெரியல... அவங்க ஒவ்வொரு திருப்பத்துலயும் பதறுவாங்க. எதனாலன்னு நான் கேக்கவே இல்ல. இன்னொரு தடவை வந்தாங்கன்னா கேப்பேன். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் சும்மாவும் இருப்பேன். ஆனா இனிமே எங்க வரப் போறாங்க... விடு.

தங்கை: நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வருவாங்க. எங்க பக்கத்து கிளாஸ் டீச்சர்தான்ணா அவங்க... "நீங்க ஒரு தடவை உங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து பாத்துட்டுச் சொல்லுங்க, நம்பி வர்றேன்"னு அவங்கதான் என்னை அனுப்பி வச்சாங்க.