வென்டலுக்கு ஒரு வழியனுப்பு

எனக்கு ஜெர்மனி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, கேப்டன். உலகப் போர் முடிந்தபின் வந்து இறங்கியவன் நான், யாரையும் சுட்டதில்லை. காலையில் பாலத்தில் காவல், சாயங்காலம் பியர், அப்புறம் சீட்டாட்டம். கென்டக்கியில் மாடுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லாவற்றுக்கும் மேலே வென்டல் ஹோஸ்டெட்லர். என் பக்கத்துக் கட்டில். அவன் வாயைத் திறந்தால் பாசறையே வயிறு வலிக்கச் சிரிக்கும். எனக்கு அப்படியொரு சிநேகிதன் அதற்குமுன் வாய்த்ததில்லை.

ராணுவம் கணக்குப் பார்த்து ஊருக்கு அனுப்புமே, அந்தப் புள்ளிகள் அவனுக்குத்தான் சேர்ந்துவிட்டன. சண்டையில் கிடந்த மாதங்களுக்குப் புள்ளி, பட்ட காயத்துக்குப் புள்ளி. என்னிடம் எதுவும் இல்லை.

"என்னடா டாக்கெட், எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி இருக்க?" என்றான். "பேசாம ஒரு ஜெர்மன்காரியக் கட்டிக்கிட்டு இங்கயே கெட. நான் எங்க ஊரு ஒமாஹாவுல ஒன்ன நெனச்சு அழுவுறேன்."

"போடா, ஒனக்கு அழவே தெரியாது," என்றேன்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவன் தகரக் குவளை நிறையச் சாராயத்தை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். நிறுத்தினால் கப்பல் கவிழும் என்று கேலி செய்வார்கள். அவனுக்குக் கலக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ரேஷன் எலுமிச்சைப் பொடியைத் தாராளமாகப் போட்டேன்.

எந்தச் சாராயம் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சாராயம் வண்டிக் கொட்டகைப் பீப்பாயிலிருந்து எடுத்தது. ரேடியேட்டர் உறையாமல் இருக்க ஊற்றுவது. பீப்பாய்மேல் மண்டையோடு வரைந்திருக்கிறது. குடித்தால் கண் போகும் என்று எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். என் குவளையில் வெறும் எலுமிச்சைத் தண்ணீர். நானும் படுத்துவிட்டால் அவனை யார் பார்ப்பது? கப்பலைத் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

மறுநாள் நல்ல வெயில். "ஏன்டா, இன்னும் வெளக்கப் போடல?" என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். சோறூட்டுவது, சவரம், பல் துலக்குவது எல்லாம் நான்தான். மற்றவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நேற்று என் கையைத் தடவிப் பிடித்து, "நீ இல்லன்னா செத்தே போயிருப்பேன்டா," என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவனை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம். துணைக்கு ஒருவர் போகலாமாம், என்னைத்தான் கேட்டிருக்கிறான். ஆகவே, என்னைச் சிறையில் போடுவதானால் அவனை வீட்டில் சேர்த்துவிட்டு வந்தபின் போடுங்கள், கேப்டன். கண் தெரியாதவனைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.