நிலாவண்டியின் விளக்குகள்

— அண்ணா, அந்தக் கத்தியக் கீழ வச்சுட்டு என் முகத்தப் பாரேன். நான் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கேன், நீ சக்கரத்துக்குப் பல்லு வெட்டிட்டு இருக்கே.

— காது இங்கதாம்மா இருக்கு. எக்ஸ்ரே ரூம் பக்கமே வராதேன்னு உன்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சரி, ஏன்?

— என் பேட்ஜ் கறுத்துப் போயிருக்காம். கோட்டுல குத்திட்டுத் திரியறேனே, அது. எவ்வளவு கதிர் பட்டுச்சுன்னு அத வச்சுத்தான் பாப்பாங்க. எப்பவும் சுத்தமா வரும். இந்தத் தடவை ஆஸ்பத்திரிப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, உக்கார வச்சு, தண்ணி குடுத்தார். தண்ணி குடுத்தாருண்ணா! அந்த மனுஷன் யாருக்கும் நாற்காலியே காட்ட மாட்டார்.

— மெஷின் பழசு. எங்கயாவது ஒழுகியிருக்கும்.

— ஒழுகினா என் மேலதானே? ரத்தம் எடுத்திருக்காங்க, இன்னும் ஒண்ணும் சொல்லல. சோறு இறங்க மாட்டேங்குது. தலை சீவினா முடி கொட்டுதான்னு சீப்பையே பாத்துட்டு நிக்கிறேன்.

— ஏய் வாலு, உனக்கு ஒண்ணும் ஆகாது. இங்க வா, இதப் பாரு. வண்டிக்குக் கூரைக் கூண்டு வச்சுட்டேன். ஷாம்பு மூடின்னு யாராவது சொல்ல முடியுமா?

— பொம்மையக் காட்டிப் பேச்ச மாத்தாதே.

— பொம்மையா! கடையில பாகமெல்லாம் போட்ட பெட்டி வாங்கி ஒட்டுறவன்கிட்டப் போய்ச் சொல்லு அத. இதுக்குப் பெட்டியே கிடையாது. சீரியல ஒவ்வொரு காட்சியா நிறுத்தி, ஸ்கிரீன் மேல ஸ்கேல் வச்சு அளந்திருக்கேன். சின்ன வயசுல நாற்காலிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுப் பாப்போமே, அதே நிலாவண்டி. அது இருட்டுப் பள்ளத்துல இறங்கினப்ப என் சட்டையப் பிடிச்சுக் கிழிச்சவதானே நீ?

— இப்பவும் அதே பள்ளத்துலதான் இருக்கேன்ணா.

— சரி, சரி. உன்கூட நிப்பாளே அந்தக் கண்ணாடிக்காரி, அவ பேட்ஜ்?

— சுத்தம். அதான் புரியல. ரெண்டு பேரும் ஒரே தடுப்புக்குப் பின்னாலதான் நிக்கிறோம். அதுவும் பாதி மாசம் நான் லீவு. அந்தப் பக்கமே போகல.

— லீவுல பேட்ஜ் எங்க இருந்துச்சு?

— கோட்டுலயே. கோட்டு... இங்கதான். உன் அலமாரிப் பக்கத்து ஆணியில. துவைக்கணும்னு மாட்டினேன், அப்படியே மறந்துட்டேன்.

— அட லூசு! அப்ப கதிர் பட்டது கோட்டு மேலதானே, உன் மேல இல்லையே!

— அண்ணா.

— ஏன் அப்படி முழிக்கிற? நல்ல சேதிதானே சொல்றேன்?

— சும்மா ஆணியில தொங்கினது எப்படிண்ணா கறுக்கும்? இந்த அலமாரியில என்ன வச்சிருக்கே?

— என்ன இருக்கும்? பிளாஸ்டிக் தகடு, பசை, பேனா மூடி, பழைய இரும்புக்கடைக்காரன் குடுத்த மீட்டர்ங்க...

— என்ன மீட்டர்?

— ஏதோ அந்தக் காலத்து விமானத்துல கழட்டினதாம். இருட்டுல மின்னணும்னு முள்ளுலயும் எண்ணுலயும் பூசியிருப்பாங்கல்ல? இப்ப மின்னல, வயசாயிடுச்சு. ஆனா அந்த மங்கின பச்சை இருக்கு பாரு! சீரியல்ல வண்டியோட விளக்கு அச்சு அசலா அதே நிறம். எந்தக் கடைப் பெயிண்ட்லயும் வரல. சுரண்டி எடுத்து, வார்னிஷ்ல குழைச்சு...

— எந்திரி. அலமாரிய விட்டுத் தள்ளி வா.

— ஏய், கைய விடு, சக்கரம் விழுந்துடும்...

— விழட்டும்! அது ரேடியம் அண்ணா!

— இருக்கட்டுமே. பைக்குல கூடத்தான் ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுறான்.

— அதுக்குப் பேர் மட்டும்தான் அது. இது நிஜம். மின்னுறதுதான் நின்னிருக்கு. கதிர் நம்ம பேரன் பேத்தி காலத்துலயும் நிக்காது. சுரண்டும்போது மூக்குல துணி கட்டினியா?

— கட்டாம? அதுவும் ஈரம் பண்ணித்தான் சுரண்டினேன். தூள் பறந்தா வீணாயிடும்ல.

— கையுறை?

— போட்டிருந்தேன். ரேகை விழுந்தா வேலை பாழ்.

— அப்பாடா. உன்னோட கிறுக்குதான் உன்னைக் காப்பாத்தியிருக்கு. வெளிய பட்டதக் கழுவிடலாம்ணா. உள்ள போனாத்தான் எலும்புல போய் உக்காந்துக்கும், எந்த டாக்டராலயும் எடுக்க முடியாது. வா, கதவச் சாத்து. பெரியவருக்குப் போன் பண்றேன், இதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க.

— வண்டியத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?

— போகட்டும். நாம இருக்கோம்ல? எங்கெங்க பூசினேன்னு கேப்பாங்க. சொல்லு.

— முன்விளக்கு, பின்விளக்கு. அப்புறம் உள்ள, ஓட்டுறவன் முன்னாடி வரிசையா பட்டனுங்க. ஒவ்வொண்ணும் கடுகுல கால்வாசி கூட இருக்காது. அதுக்கே ஒரு வாரம் போச்சு.

— கடுகுல கால்வாசியா? அவ்வளவு பொடிப் புள்ளி எப்படிண்ணா வச்சே?

— எல்லாரும் வைக்கிற மாதிரிதான். துணியக் கீழ இறக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் பிரஷ் முனைய நாக்குல வச்சு, உதட்டால உருவி, ஊசி மாதிரி கூராக்கிட்டு...