வலியா, வழியா

எண்ணூரிலிருந்து வந்த மின்சார ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. அவன் முறைத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பியிருந்தான். நான் பேப்பரைப் பிரித்து வைத்திருந்தேனே தவிர, ஒரு வரி படிக்கவில்லை.

“கட்ன புருசன் குத்துக்கல்லாட்டம் கீறேன். முடக்குவாதம்னு எவங்களுக்கோ மொதல்ல சொல்லிக்கீறே.”

“உன்னாண்ட சொன்னா நீ அழுவே. அவங்களுக்கும் இதே நோவுயா. ஆயுசுக்கும் மாத்திர துன்றவங்க. இந்த நோவுக்காரங்களுக்குன்னே இன்டர்நெட்ல ஒரு குரூப்பு கீது. அதான் பிரவுசிங் சென்டர்ல குந்திகினு அதுக்கு எழுதினேன்.”

“இன்னான்னு?”

“இங்கிலீசு எழுத்துல வி, ஏ, எல், ஐ. வலின்னு. வீங்குன வெரலால அவ்ளோதான் அடிக்க முடிஞ்சிது. அத்த ஒர்த்தரு வழின்னு படிச்சிட்டு, ‘எங்க போவணும்மா?’னு கேட்டாரு.”

அவன் சிரித்துவிட்டான். “நீ இன்னா சொன்னே?”

“வூட்டுக்குன்னு அடிச்சேன்.”

அவன் அவள் மடியிலிருந்த சீட்டை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். திருவொற்றியூரில் முதலில் இறங்கி, கையை நீட்டினான்.

“வலிக்காத கைய குடுமே.”

“ரெண்டும் வலிக்குதுயா,” என்று அவள் இரண்டையும் நீட்டினாள்.