பாண்டீஸ்வரிக்கு நெஞ்சுப் பட்டை வாங்கினோம்

அவைக்குத் தலைமை ஏற்று, எங்கள் ஆடுகளத்துக்காகத் தம் தென்னந்தோப்பின் ஒரு பாதியை ஒதுக்கித் தந்த பெருந்தகை தங்கப்பாண்டி ஐயா அவர்களே! விசில் ஊதி ஊதியே குரல் கம்மிப்போன பயிற்சியாளர், அண்ணன் பாண்டியராஜன் அவர்களே! மாலைப் பால் கறந்த கையோடு வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே! நாகமலை புதுக்கோட்டையிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பஸ்ஸில் நின்றபடியே வந்த சொந்தங்களே! விடிந்தால் திருச்சிப் போட்டிக்குப் புறப்படவிருக்கும் செங்காந்தள் மகளிர் கபடிக் கழகத்தின் வீராங்கனைகளே! உங்கள் எல்லோரையும் கழகச் செயலாளர் தமிழ்வாணி தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

என் கையில் இருக்கிறதே, இது என்ன? தெரிகிறதா? என்ன அண்ணே, இடுப்பு பெல்ட்டா? இல்லை! அம்மா என்ன சொல்கிறீர்கள், மாட்டுக்குக் கட்டுகிற வாரா? அதுவும் இல்லை! இது நெஞ்சுப் பட்டை. ஓடுகிறவரின் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று அந்த நொடியே செல்போனுக்குச் சொல்லும் கருவி. கோப்பைகளைக் காட்டிப் பெருமை பேசும் கழகங்கள் உண்டு. கருப்பு ரப்பர் பட்டை ஒன்றைக் காட்டிப் பெருமை பேசும் கழகம் இந்த உசிலம்பட்டிச் சீமையில் எங்கள் கழகம் ஒன்றுதான். ஏன் பேசுகிறோம்? கேளுங்கள்.

எங்கள் அணியின் பாய்ச்சல்காரி யார்? "பாண்டீஸ்வரி!" ஆமாம், நீங்களே சொல்லிவிட்டீர்கள். சோணை அண்ணன் மகள். அவள் கபடி பாடிப் போனால் எதிரணி பின்வாங்கும், அவள் திரும்பி வந்தால் நம் அணி புள்ளி வாங்கும். இந்த ஆண்டு ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு அவள் முளைப்பாரி எடுத்தாள். முளைப்பாரி எடுப்பவள் கையில் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அது நம் வழக்கம். அதே நாட்களில்தான் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் அணிக்குப் பயிற்சி முகாம். என்ன செய்வது? சாமியா, சடுகுடுவா?

அண்ணன் பாண்டியராஜன் அதற்கு ஒரு வழி கண்டார். "சாமி காரியத்த விடச் சொல்லி நான் கேக்க மாட்டேன். ஊருலயே ஓடட்டும், நான் இங்கருந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லி, நெஞ்சுத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அனுப்பினார். அவள் இங்கே கண்மாய்க் கரையில் ஓடுவாள். துடிப்பின் கணக்கு அங்கே அவர் போனில் தெரியும். எவ்வளவு அருமையான ஏற்பாடு! நான்கூடக் கை தட்டினேன்.

அடுத்த நாளே அண்ணன் பதறிப்போய் எனக்கு போன் போட்டார். "தமிழு, மெதுவா ஓடுன்னுதான் சொன்னேன். நூத்தி எண்பதத் தாண்டிக் காட்டுதும்மா. நடந்தாக்கூட ஒரு நெலையில நிக்கல." மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி. பொறுப்புள்ள பயிற்சியாளர் என்ன செய்வார்? டாக்டர் பார்க்கும் வரை அவளைக் களத்தில் இறக்க மாட்டேன் என்று அணியிலிருந்து நிறுத்தி வைத்தார். அவர் செய்தது சரி. இந்த மேடையில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்கிறேன், நூற்றுக்கு நூறு சரி!

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? அணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள் என்ற செய்தி டீக்கடையைத் தாண்டுவதற்குள் "நெஞ்சுக் கோளாறு" ஆனது. பால் பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள் "ஆப்பரேசன்" ஆனது. பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள், தை மாதம் பார்க்கலாம் என்று நாசூக்காக நழுவினார்கள். சோணை அண்ணன் வாசலில் நின்று மகளிடம் சொன்னார்: "ஆடுனது போதும்த்தா. எனக்கு நீ உசிரோட இருந்தாப் போதும்." அந்தத் தகப்பனை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் உள்ளே முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேனே, அதை எப்படி மறப்பேன்?

பொங்கல் முடிந்தது. முளைப்பாரி கண்மாயில் கரைந்தது. காப்பை அவிழ்த்த கையோடு அவளை மதுரைக்கு அழைத்துப் போனோம். டாக்டர் சோதித்தார், படம் எடுத்தார், ஓடவிட்டும் பார்த்தார். "இதயத்துக்கு ஒண்ணுமில்ல, ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "கடிகாரத்த எப்பிடிம்மா கட்டுன?"

பாண்டீஸ்வரி இடக்கையை நீட்டிக் காட்டினாள். "காப்புக்கு மேல கட்டுனேன் டாக்டர். சாமி கயித்த அமுக்கக் கூடாதுல்ல, அதான் லூசா விட்டேன்."

கேட்டீர்களா! காப்புக் கயிறு, அதில் மஞ்சள் துண்டு, அதன் மேல் கடிகாரம், அதுவும் தொளதொளவென்று! அந்தக் கடிகாரம் அடியில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, தோலுக்குள் ஓடும் ரத்தத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்கிற கருவி. தோலைத் தொட்டால்தானே அது பார்க்கும்? மஞ்சளைத் தொட்டுக்கொண்டிருந்தால் எதைப் பார்க்கும்? ஓடும்போது கை ஆடுகிற ஆட்டத்தையே நெஞ்சின் துடிப்பு என்று எண்ணிக்கொண்டது. சிரிக்காதீர்கள்! நீங்களும் அப்படித்தான் கட்டியிருப்பீர்கள், நானும் அப்படித்தான் கட்டியிருப்பேன். காப்பை நகர்த்தத் துணியும் பெண் இந்த ஊரில் பிறந்திருக்கிறாளா?

விஷயம் முடிந்ததா? முடியவில்லை. டாக்டர் சொன்னதை ஊர் நம்பவில்லை. "அவுக அப்படித்தான் சொல்லுவாக" என்றது ஊர். சோணை அண்ணனும் அசையவில்லை. சரி, ஊர் பார்க்க ஓடிக் காட்டுவோம், அதற்கு நம்பகமான கருவி வாங்குவோம் என்று நானும் அண்ணனும் பாண்டீஸ்வரியும் மதுரைக் கடைக்குப் போனோம்.

கடையில் ராம்கி என்றொரு தம்பி. வாய் ஓயவில்லை. "அக்கா, இந்த வாட்ச்ச எடுங்க. தூக்கத்தப் பாக்கும், மெசேஜ் வந்தா சொல்லும், பாட்டுக் கூட மாத்தலாம்." நான் சொன்னேன்: "தம்பி, எங்க புள்ளைக விழுந்து புரண்டு ஆடிட்டு வந்தா தூக்கம் தானா வரும், அதப் பாக்க ஆளு வேணாம். கபடியில மொதல்ல புடிக்கிறதே மணிக்கட்டத்தான். அங்க கண்ணாடியக் கட்டிட்டு நின்னா யாரு கை கிழியும்?" தம்பி அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பேசினார்.

தாய்மார்களே, சர்க்கரைக்காக நடப்பவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நடைக்கு மட்டும் என்றால் கைக்கடிகாரம் போதும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, வளையலும் கயிறும் குறுக்கே வராமல், தோலோடு ஒட்டிக் கட்டுங்கள். நெஞ்சுப் பட்டை வேண்டாம் என்பவர்களுக்கு மேல்கையில் கட்டும் பட்டை இருக்கிறது. மணிக்கட்டை விட அது நன்றாகவே காட்டும். ஆனால் ஓடி, நின்று, மறுபடி பாயும் கபடிக்காரிக்கு, துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் அந்தந்த நொடியே தெரிய வேண்டும். அதற்கு நெஞ்சுப் பட்டைதான். இதயத்தின் மின்துடிப்பையே நேராகப் பிடிக்கிறது. கட்டுமுன் உள்பக்கம் தண்ணீரில் நனைக்க வேண்டும், ஆடியபின் அலச வேண்டும், அவ்வளவே வேலை. நம்மிடம் இருக்கும் சாதாரண போனோடு சேருமா, பேட்டரியை நாமே மாற்றலாமா என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நெஞ்சு வலித்தால் கருவியைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

வாங்கி வந்தோம். வீட்டில் பெட்டியைப் பிரித்தோம். சோணை அண்ணன் முகம் சுருங்கியது. "என்னது, மாருல கட்டுறதா? ஊரு முன்னாலயா? எம்புட்டு வெக்கக்கேடு!" உள்ளே போட்டுக்கொள்ளும் பட்டை, வெளியே தெரியாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து பாண்டீஸ்வரியின் அம்மா முத்துத்தாய் மதினி வந்தார். அண்ணனைப் பார்த்துக் கேட்டார்:

"ஏய்யா, எம்மக நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு ஊரு பூராம் பேசுனப்ப வராத வெக்கம், அது நல்லாருக்குன்னு காட்டப்போறப்ப வருதோ?"

இந்தக் கேள்விக்கு இந்த மேடையில் பதில் சொல்ல யாராவது இருக்கிறீர்களா? சோணை அண்ணன் என்ன செய்தார்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்கு நடந்தார்.

அன்று மாலை இந்தத் தோப்பில் நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். பாண்டீஸ்வரி அறைக்குள் போய்ப் பட்டையைத் தானே கட்டிக்கொண்டு, மேலே பனியனை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். இடக்கையில் அதே பழைய கடிகாரம், முன்புபோலவே தொளதொளப்பாக. ஓடினாள். ஒரு போனில் கடிகாரக் கணக்கு, நூற்று எண்பத்தாறு. இன்னொரு போனில் பட்டைக் கணக்கு, நூற்று நாற்பத்தொன்று. உடனே அவளை நிறுத்திக் கழுத்தில் விரல் வைத்து எண்ணினோம். விரல் யார் பக்கம் பேசியது? பட்டையின் பக்கம்! பிறகு கடிகாரத்தை மேலே ஏற்றி இறுக்கிக் கட்டி ஓடவிட்டோம். அதுவும் ஒழுங்காகச் சொன்னது. கருவியும் பொய்யில்லை, காப்பும் குற்றமில்லை, எங்கள் பெண்ணின் நெஞ்சில் குறையே இல்லை! ஓடி நின்ற ஒரு நிமிடத்தில் அவள் துடிப்பு இறங்கிய வேகத்தைப் பார்த்து அண்ணன் பாண்டியராஜன் வாய்விட்டே சொன்னார், "இந்த மாதிரி நெஞ்ச நான் பாத்ததில்ல தமிழு" என்று.

யாருடைய நெஞ்சு அது? மானாவாரி மண்ணில் களை எடுத்த நெஞ்சு! பருத்தி மூட்டையைச் சுமந்த நெஞ்சு! மாட்டை ஓட்டி, பஸ்ஸைப் பிடித்து, படித்து, பாடி, பாய்ந்து வளர்ந்த நெஞ்சு! அதைக் குறை என்று சொல்ல ஒரு வதந்திக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. நிறை என்று சொல்ல நாங்கள் இவ்வளவு பாடுபட்டோம். பட்ட பாடு அத்தனைக்கும் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறோம். நாளை திருச்சிக்குப் போகும் அணிக்குத் தலைவி யார்? பயிற்சியாளர் கையெழுத்திட்டுவிட்டார். பாண்டீஸ்வரி!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! தலைவியின் பனியனை அவளுக்குக் கொடுக்க வேண்டியவர் தலைவர் ஐயா. ஆனால் அவரே என் காதில் வேறு ஒரு பெயரைச் சொல்கிறார். சோணை அண்ணே, மேலே வாங்க! என்ன, "எனக்கெதுக்கு மேடை"யா? மதினி, கொஞ்சம் தள்ளி விடுங்க அவரை! வாங்க அண்ணே. பனியனக் கொடுங்க. மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க.

"எனக்குப் பேசத் தெரியாது. எம்மக நெஞ்சு நல்லாருக்குய்யா! கேக்குதா எல்லாருக்கும்? நல்லாருக்கு!"

சபையோரே, இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகப்பிரசங்கம். தோப்புத் தந்த தலைவர் ஐயாவுக்கும், துணிந்து நிறுத்தித் துணிந்தே சேர்த்த பயிற்சியாளருக்கும், மைக் செட்டுத் தம்பிகளுக்கும், கேட்டு மகிழ்ந்த உங்களுக்கும் எங்கள் கழகத்தின் நன்றி. திருச்சிக்குப் போய் வாரோம். வணக்கம்!