தபால்காரரின் பூனை

இல்லை மேடம், ஒரு காசுகூடக் கட்டவில்லை. எல்லாமே இலவசம்தான். உங்கள் மகளுக்கும் வெளிநாட்டு மொழி படிக்க ஆசை என்று இப்போது சொன்னீர்களே, அவளை எந்த வகுப்பிலும் சேர்த்துவிடாதீர்கள். தண்டச் செலவு. இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எழுந்ததும் புள்ளி கொடுத்துத் தட்டிக்கொடுக்கும் ஒரு செயலி, பஸ்ஸில் போகும்போது காதில் அந்த நாட்டு வானொலி, சாயங்காலம் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன். எனக்கு ரொம்பப் பிடித்தவை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் வீடியோக்கள். தன் வீட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து பாடம் நடத்துவார். பின்னால் ஜன்னல் விளிம்பில் ஒரு கொழுத்த பூனை. உதாரண வாக்கியங்களில் பாதி அதைப் பற்றித்தான் இருக்கும்.

அண்ணியின் மொழியை நான் அவரிடம்தான் படித்தேன்.

அண்ணன் வெளிநாட்டில் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அண்ணியும் அங்கேதான். இயந்திர இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் சைகைதான். அதனால் மொழி தெரியாதது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. கல்யாணம் முடிந்து, சத்தமில்லாத எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

அதுவரை வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். மூலையில் ஏதாவது மொழிபெயர்ப்பு நாவலோடு கிடப்பேன். மனம் பனி கொட்டும் ஊர்களில் திரியும். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவே எல்லோரும் மறந்துபோவார்கள். அண்ணியோடு நான் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசிய அன்று, அண்ணன் என் கைகளைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்கத் தட்டாமாலை சுற்றினான். அன்றிலிருந்து நான் ஸ்பீக்கர்.

“ஏய் ஸ்பீக்கர், ஓடி வா. உங்க அண்ணி என்னமோ சொல்றா.”

போனிலேயே மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறதே என்பீர்கள். இருந்தது. அது அம்மாவை ‘மரியாதைக்குரிய பெட்டியே’ என்று அழைத்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இடத்தை அடைக்கிறது என்று சொல்லி, இரண்டு பேர் போனிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன்.

“உப்புன்னு ஒண்ணு இருக்கறதே அவளுக்குத் தெரியாதான்னு கேளுடி” என்பார் அம்மா. உங்கள் கைப்பக்குவம் மென்மையானதாம் என்று அண்ணியிடம் சொல்வேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்து ஒருநாளும் பேசியதில்லை என்பார் அண்ணி. “உங்க முகத்துல ஒரு களை இருக்காம், அம்மா.” அம்மாவுக்கு வாயெல்லாம் பல். முள்ளை எடுத்துவிட்டு மீனைப் பரிமாறுவதுபோலத்தான் இது. எங்கள் வீட்டில் அப்போது சண்டையே கிடையாது. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள்.

அண்ணி நம் மொழியைப் படிக்க ஆசைப்பட்டபோது நான்தான் பாடம் தேடிக் கொடுத்தேன். இலக்கணச் சுத்தமான, செய்தி வாசிப்பவர் குரலில் ஓர் இலவசப் பாடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அம்மாவைப் பார்த்து, “தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?” என்றார்.

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. “என்னடா இது, உன் பொண்டாட்டி நியூஸ் வாசிக்கிறா!”

“அருந்திவிட்டோம், மகாராணி!” என்று அண்ணன் எழுந்து நின்று குனிந்தான்.

அண்ணி காதுவரை சிவந்துபோனார். அதற்குப் பிறகு அவர் நம் மொழியில் வாயைத் திறக்கவில்லை. பேச்சுமொழிக்கென்று இரண்டு கல்லூரிப் பெண்கள் போட்டிருந்த இலவச வீடியோக்கள் எனக்குத் தெரியும்தான். தரம் போதாது என்று காட்டவில்லை.

பிறகு அண்ணி கர்ப்பமானார். பிரசவத்துக்குத் தன் அம்மாவிடம் போகவேண்டும் என்று என் மூலமாக அண்ணனிடம் கேட்டார். “உன் கூடவே இருக்கணுமாம்ணா” என்றேன். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“டிக்கெட்டுக்குப் பணம் எடுத்து வெச்சிருக்கேன். போகணும்னா போகலாம்னு சொல்லு, பாவம்.”

டாக்டர் விமானத்தில் ஏறக்கூடாது என்கிறாராம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் போயிருந்தால் இருவருக்கும் நடுவில் யார் இருந்திருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தெரு முனை கிளினிக் டாக்டரம்மா நல்லவர். என்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசி மாதத்தில், “ஏதாவது சிக்கல்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்மா. அங்க எல்லா பாஷைக்கும் மொழிபெயர்க்க திரையில ஆள் வருவாங்க, உனக்கும் வேலை மிச்சம்” என்று சிரித்தார். வேலை மிச்சம். அந்தச் சொல் என்னோடு வீடுவரை நடந்து வந்தது.

சனிக்கிழமை காலை அண்ணி என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டார். டாக்டருக்குப் போன் செய் என்றார். செய்தேன்.

“என்னம்மா, என்ன சொல்றாங்க?”

“கால் வலியாம் டாக்டர்.”

“இந்த மாசத்துல அப்படித்தான். தூக்கி வெச்சுப் படுக்கச் சொல்லு.”

கடைசி மாதத்தில் குழந்தை நிறையத் தூங்குமாம், பயப்பட வேண்டாமாம் என்று அண்ணியிடம் சொன்னேன். அண்ணன் கதவருகே நின்றுகொண்டிருந்தான். “என்னாச்சு?” என்றான். கால் வலி என்று அவனுக்கும் சொன்னேன். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணியின் பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தான். அண்ணி திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். “சரியாப் போயிடும்மா, சரியாப் போயிடும்” என்று அவன் இன்னும் மெதுவாக அமுக்கினான். அவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நம்பினார். சாயங்காலம்வரை அப்படியே இருந்தார்கள். அவ்வளவு அன்பை நான் நாவல்களில்கூடப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஓர் அம்மா திரையில் வந்தார். அண்ணி சொன்னதை அப்படியே, தட்டையாக, ஒவ்வொரு சொல்லாகக் கொட்டினார். அண்ணன் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் வக்கீல், “புரியலன்னு சொல்லிடும்மா. நெட்டுல ஓசியில படிச்சதுதானே, யாரும் நம்புவாங்க” என்றார். நீங்களும் அதைத்தான் சுற்றிச்சுற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது. அந்தச் சொல் எனக்குப் புரியாததா? தபால்காரரின் முதல் வீடியோவிலேயே வருகிறது. பூனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘அசையவில்லை, தூங்குகிறது’ என்பார். குழந்தை நேற்றிலிருந்து அசையவில்லை என்றுதான் அண்ணி சொன்னார். முதல் தடவையே எனக்குப் புரிந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று மேடம். பக்கத்து அறையில் அண்ணி பேசுவது இங்கே கேட்கிறது. திரையில் வந்த அதே அம்மாவைத்தான் நேரில் வரவழைத்திருக்கிறீர்கள். அவருக்குச் சொற்கள் தெரியும், அண்ணியைத் தெரியாது. அண்ணி இப்போது என்னைப் பற்றிச் சொல்வதை அவர் கரடுமுரடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அண்ணன் வேறு அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் என்னை உள்ளே விடுங்களேன். அண்ணி பேசட்டும். அவர் என்ன சொல்கிறார் என்று அண்ணனுக்கு நான் சொல்கிறேன்.