துடைக்கக் கூடாத வெள்ளி

வெள்ளி நாணயத்தை விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், ஐயா. முகத்தில் விரல் படக் கூடாது. துடைக்கவே கூடாது. பழைய வெள்ளி பெரும்பாலும் அன்பானவர்கள் கையில்தான் பாழாய்ப் போகிறது.

நான் சேர்த்தவை, ஜெர்மனி ஒரே நாடாகும் முன் அங்கே உள்ளங்கை அகலத்தில் கிடந்த குட்டி நாடுகளின் நாணயங்கள். ரொய்ஸ் என்று ஒன்று. அந்த அரச குடும்பத்தில் பிறந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிஷ் என்றே பெயர். எண் போட்டுத்தான் பிரித்தறிய வேண்டும். இருபத்தாறு வருடங்களில் நாற்பத்தொன்று சேர்த்தேன். கல்யாணம் செய்துகொள்ள நேரம் வாய்க்கவில்லை. நூற்றைம்பது வருடக் காற்று வெள்ளியின்மேல் ஒரு சாம்பல் நீலத்தைப் படியவிடும். அதுதான் அதன் உயிர். தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது.

போன வருடம் அறுவை சிகிச்சைக்காகப் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வீட்டுச் சாவி அக்காவிடம் இருந்தது. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், நாற்பத்தொன்றும் புத்தம்புதுக் கரண்டிபோல் பல்லிளித்தன.

அக்கா வாய் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "நாந்தாம்ப்பா தேய்ச்சேன். கறுத்துக் கெடக்கேன்னு பற்பசை போட்டு... தப்பு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அத்தான். பளிச்சுன்னு இருக்கு," என்றேன். காப்பிகூடப் போட்டுக் கொடுத்தேன். அந்த மனிதரை அன்றே அடியோடு வெறுத்தேன்.

ஐந்து மாதம் பொறுத்தேன். அவசரக்காரன் எதையும் சேர்க்க முடியாது. அவர்கள் வீட்டு மாடிப்படி மரத்தால் ஆனது. அக்காவுக்கு முழங்கால் வலி, படுக்கை கீழே. அத்தான் மாடியில் தூங்கி, காலையில் காலுறையோடு இறங்குவார். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் நேற்றைய செய்தித்தாள். கைப்பிடியைத் தொடவே மாட்டார். ஒரு சனிக்கிழமை அங்கே தங்கினேன். விடிந்ததும் மேல்படிகள் மூன்றை மெழுகு போட்டுத் துடைத்தேன். மெல்லிய துணியால், சின்னச் சின்ன வட்டங்களாக. அவருக்குத்தான் பளபளப்பு பிடிக்குமே.

அத்தான் விழுந்து செத்ததை உங்கள் போலீஸ்காரர்கள் விபத்து என்று எழுதினார்கள். நீங்கள் ஒருவர்தான் படியை முகர்ந்து பார்த்தீர்கள். உங்கள் தொழிலில் உங்களுக்கு அக்கறை இருக்கிறது.

போன வாரம் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். "அவரு அதத் தொடவே இல்லடா. நாந்தான் தேய்ச்சேன், நீ வந்து பாத்து சந்தோஷப்படுவேன்னு. உன் மொகம் போன போக்கப் பாத்து, பழிய அவரு தன் மேல போட்டுக்கிட்டாரு."

அத்தானை நினைத்துக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நல்ல மனிதர். ஆனால் எந்தச் சேகரிப்பிலும் சீட்டு மாறிப்போவது உண்டு. ஒரு நாணயத்தின் பெயர் இன்னொன்றின் கீழ் ஏறிவிடும். கண்டதும் திருத்திவிட வேண்டும்; அப்படியே விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இவ்வளவு நிதானமாக எப்படிப் பேசுகிறேன் என்று கேட்டீர்கள். கோபம் இருந்தால்தானே படபடப்பு வரும்? அக்கா என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அவள்மேல் எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. இன்று காலை நீங்கள் கூப்பிட்டனுப்பியபோதுகூட, அவள் வீட்டுக் குளியலறைத் தரையை மெழுகு போட்டுத் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

மணி பத்தரை ஆகிவிட்டதா, ஐயா? அவள் குளிக்கப் போகும் நேரம்.